நான்காவது இன்ஜெக்டர்

அந்தக் காரைப் பின்னேரம் மூன்று மணிக்குக் கொடுத்துவிடுவதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை செய்யும் கை என்னுடையது, நேரம் சொல்லும் வாய் அவருடையது. பதினேழு வருடமாக எங்கள் கராஜ் அப்படித்தான் ஓடியது.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். மாத்தளை டவுனை விட்டு இரத்தோட்டைக்குப் போகும் பாதையில் அவருடைய கராஜ் இருந்தது. நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அக்கா கூட்டிவந்து அங்கே விட்டாள். அப்போது இருந்த பழைய பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், ஒருவரிடம் வேலை பழகினேன். அவர் வெளிநாடு போனபின் நான்தான் பாஸ். மச்சானுக்கு எஞ்சின் தெரியாது. அவருக்கு ஆட்களைத் தெரியும். மிளகு, கறுவா வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானாமாரோடு ஒரு விதமாகப் பேசுவார், டீச்சர்மாரோடு இன்னொரு விதமாகப் பேசுவார், சிங்கள வேன்காரர்களோடு சிங்களத்திலேயே பகிடி விடுவார். வந்தவர் எவரும் அவரிடம் கோபித்துக்கொண்டு போனதில்லை. அந்தக் காரின் சொந்தக்காரி வரும்வரை.

அவர் யாழ்ப்பாணத்துப் பெண். அரசாங்கப் பொறியியலாளர். பல்லேகமப் பக்கத்தில் குளம், வாய்க்கால் வேலை. தாயோடு மாத்தளையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வாரத்தில் மூன்று நாள் மலையைத் தாண்டி அங்கே போய் வருவார். அவரிடம் ஒரு சின்ன ஜப்பான் கார் இருந்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, நிற்கும்போது நடுங்குகிறது என்று கொண்டுவந்தார். நான் பார்த்துவிட்டு இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது என்றேன். கழுவிப் போடலாம் என்றார் மச்சான். அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. தானே தேடி நான்கு புது இன்ஜெக்டர்களை வாங்கி, அவற்றுக்கான ரப்பர் வளையங்களோடு ஒரு பெட்டியில் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"எண்ணிப் பாருங்கோ, எல்லாம் சரியோ எண்டு."

எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு வந்த பொய்யில் அந்தப் பெட்டியின் மேல்தான் பழி விழுந்தது.

இன்ஜெக்டர் என்பது விரல் நீளம் உள்ள ஒரு சாமான். பெற்றோலைப் பனிப்புகை மாதிரி சன்னமாக எஞ்சினுக்குள் பீச்சுவது அதன் வேலை. நான்கு இன்ஜெக்டர்களுக்கும் மேலே ஒரு குழாய் போகும். நாங்கள் அதை ரெயில் என்போம். பெற்றோல் அமுக்கத்தோடு வந்து அந்த ரெயிலில் நிற்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையும் ரெயிலின் துளைக்குள் போய் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பெற்றோல் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். குழந்தையின் விரலுக்குக்கூட மோதிரமாகப் போட முடியாத அளவு சின்னது. அதை நம்பித்தான் ஆட்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறார்கள்.

அவசரப்படாமல் செய்தால் அது மூன்று மணித்தியால வேலை. ஆனால் காலையில் ஒரு வேனை எனக்கு முன்னால் தள்ளிவிட்டார் மச்சான். நான் அந்தக் காரின் பொனட்டைத் திறந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. சாப்பிடவில்லை. பழையவற்றைக் கழற்றி, துளைகளைத் துடைத்து, புதியவற்றை ஒவ்வொன்றாக ரெயிலில் ஏற்றினேன். மூன்று நல்லபடி உட்கார்ந்தன. நான்காவதை அழுத்தும்போது வெளியிலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"இன்னும் முடியலையா? மிஸ் வந்துட்டாங்க!"

தலையைத் திருப்பினேன். கையை நிறுத்தவில்லை. அது கோணலாக இறங்கிவிட்டது. உருவிப் பார்த்தால், வளையத்தின் விளிம்பில் நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு. வெட்டியது என் கைதான். இதை நான் யார் தலையிலும் போடவில்லை.

உள்ளே வந்த மச்சானிடம் காட்டினேன்.

"ஒரு ரிங் வெட்டுப்பட்டுருச்சு மச்சான். புதுசு வேணும்."

"அது கண்டியிலதான் கிடைக்கும். போய் வர பொழுது போயிரும்."

"அப்ப நாளைக்குக் குடுப்போம்."

"வாசல்ல வந்து நிக்கிறவங்ககிட்ட நாளைக்குன்னு நீ போய்ச் சொல்றியா? கழட்டுனதுல இருக்கிற பழச எடுத்துப் போடு. இத்தன வருஷம் லீக் ஆகாமத்தானே இருந்துச்சு?"

"அது காஞ்சுபோய்க் கெடக்கு மச்சான். கல்லு மாதிரி இருக்கு."

"ஒயில் கொஞ்சம் தடவிப் போடுடா. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் போட்டேன். பழைய வளையத்தில் ஒயில் தடவி, நான்காவது இன்ஜெக்டரின் தலையில் ஏற்றி, ரெயிலை இறுக்கினேன். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை திருப்பி, பெற்றோலை அமுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. அதற்குள் மச்சான் சீட்டில் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டார். எஞ்சின் அழகாக ஓடியது. குனிந்து பார்த்தேன். ஈரம் தெரியவில்லை. பொனட்டை மூடினேன். அந்த மிஸ் கண்ணாடியை இறக்கி, "நல்ல வேலை செய்திருக்கிறீங்கள்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

மூன்றாம் நாள் காலையில் அவர் பல்லேகமவுக்குப் புறப்பட்டார். அன்று தாயையும் கூட்டிக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அம்மாவுக்கு மலையைக் காட்டலாம் என்று நினைத்தாராம். தாய்க்கு முழங்கால் வருத்தம், கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார். பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரத்தோட்டை கடந்து, தேயிலை முடிந்து, ரிவஸ்டன் பக்கத்து வளைவுகளில் ஏறும்போது பெற்றோல் மணம் வந்தது. முன்னால் போகும் லொறியில் இருந்து வருகிறது என்று நினைத்தாராம். லொறி வேறு பாதையில் திரும்பிய பிறகும் மணம் போகவில்லை. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திப் பொனட்டைத் திறந்தால், எஞ்சினின் தலையில் பெற்றோல் தேங்கி நின்றது. சூடான எஞ்சின். பக்கத்திலேயே கொதிக்கும் புகைக்குழாய்.

கீழே இருந்து ஏறி வந்த ஒரு டிரைவர், உதவி செய்யத்தான், வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வாயில் புகையும் சிகரட். கிட்ட வராதே என்று அந்த மிஸ் சிங்களத்தில் போட்ட கூச்சலில் அவர் வந்த வழியே ஓடினாராம். அதன்பின் தாயை வெளியே எடுக்க வேண்டும். மெல்ல இறக்க நேரம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் தாய் பாதையோரக் கல்லில் விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது.

கார் எரியவில்லை. எரியாததற்கு நானோ மச்சானோ காரணம் இல்லை.

அந்த டிரைவரே திரும்பி வந்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அங்கிருந்து மிஸ் கராஜுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மச்சானின் குரல் பால் மாதிரி இருந்தது.

"ஐயோ மிஸ், அம்மாவுக்கு எப்படி? ... இல்ல மிஸ், எங்க வேலையில பிழை வராது. நீங்க கொண்டாந்த சாமான்தான் சரியில்ல போல. இப்ப நிறைய டூப்ளிகேட் வருது. நாங்க என்ன செய்றது?"

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"நாளைக்குக் காலையில போய் சரி பண்ணிட்டு வா. கேட்டா, சாமான் பிழைன்னு சொல்லு. வேற ஒன்னும் பேசாத."

சரி என்று தலையாட்டினேன். இதிலும் என் மேல்தான் எனக்குக் கோபம். அந்த இடத்திலேயே போனைப் பறித்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்காவின் முகம், அக்காவின் பிள்ளைகள், பதினேழு வருடச் சோறு என்று என்னென்னவோ வந்து வாயை அடைத்தன.

கண்டிக்குப் போய் வளையம் வாங்கலாம் என்று அன்று பின்னேரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போகும் வழியில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. நாங்கள் ஒயில் ஃபில்டர் வாங்கும் கடைதான். எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று வெட்டுப்பட்ட வளையத்தை எடுத்துக் காட்டினேன். கடைக்கார நானா அதை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, லாச்சியை இழுத்து ஒரு பையை எடுத்து மேசையில் போட்டார்.

"எத்தின வேணும் பாஸ்?"

நான் பையைப் பிரித்துப் பார்த்தேன். அதே வளையம். "இது கண்டியிலதானே கிடைக்கும்னாங்க?"

"யாரு சொன்ன? எப்பவும் ஈக்கிதானே எங்கள்ட்ட."

கராஜில் இருந்து நடந்தே பதினைந்து நிமிடத்தில் வரக்கூடிய கடை. அன்றைக்குப் போய் வாங்கிவந்து போட்டிருந்தாலும், மூன்று மணிக்குக் கொடுக்க வேண்டிய காரை மூன்றே முக்காலுக்குக் கொடுத்திருக்கலாம். முக்கால் மணித்தியாலம் ஒரு தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்திருந்தால் போதும். அதற்காக ஒரு கிழவியின் கை. நான் ஒரு போன் போட்டு விசாரித்தேனா? அதுவும் இல்லை. மச்சான் சொன்னார், நான் நம்பினேன். நம்பவில்லை, வசதியாக இருந்ததால் கேட்டுக்கொண்டேன். அதுதான் உண்மை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், ஸ்பேனர்கள் வைத்த என் ஆயுதப் பெட்டியோடு ஏறினேன். தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் இரத்தோட்டையில் இறங்கினார்கள். வளைவில் நான் இறங்கியபோது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. கார் நின்ற இடத்தில் அந்த மிஸ் எனக்கு முன்னரே வந்து நின்றார். ஒரு முச்சக்கர வண்டி அவரை விட்டுவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது. முந்திய நாள் உடுப்பையே போட்டிருந்தார் என்று நினைக்கிறேன். முழங்கைப் பக்கம் இரத்தக் கறை காய்ந்திருந்தது.

"உங்கட முதலாளி சொல்லுறார், நான் வாங்கின சாமான் பிழையாம். நீங்கள் சொல்லுங்கோ. பிழையோ?"

"கழட்டிக் காட்டுறேன் மிஸ்."

"வாயால முதல் சொல்லுங்கோ."

சொன்னேன். "சாமான் நல்ல சாமான். ஒரு ரிங்கை நான் போடுறப்போ வெட்டிட்டேன். புதுசு வாங்காம பழச போட்டோம். நான்தான் போட்டேன்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உண்மை சொன்னதுக்கு உங்களுக்கு நான் நன்றி சொல்லோணுமோ?"

"இல்ல மிஸ்."

"பழசு எண்டு தெரிஞ்சுதானே போட்டனீங்கள்?"

"ஆமா மிஸ்."

"பிறகு என்ர முகத்தைப் பார்த்துச் சிரிச்சனீங்கள்."

நான் குனிந்து பெட்டியைத் திறந்தேன்.

"இப்ப கழட்டுங்கோ. நான் இதில நிக்கிறன். ஒவ்வொண்டையும் செய்ய முதல் வாயால சொல்லுங்கோ. சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ."

பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லிச் செய்தேன். முதலில் பம்பின் ஃபியூசைக் கழற்றி ரெயிலில் நிற்கும் அமுக்கத்தை இறக்குகிறேன். இப்போது பெற்றரி வயரைக் கழற்றுகிறேன். இன்ஜெக்டர்களுக்கு வரும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறேன். ரெயிலின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கீழே துணி போட்டு, ரெயிலோடு சேர்த்து நான்கையும் நேராக மேலே தூக்குகிறேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நடுவில் அவர் கேள்வி கேட்டார். துணி ஏன்? மிச்சப் பெற்றோல் எஞ்சினில் சிந்தாமல் இருக்க. தூசி விழாதோ? திறந்த துளைகளைச் சுத்தமான துணியால் மூடுவேன். "அண்டைக்கு மூடினீங்களோ?" மூடினேன். "அதையாவது செய்திருக்கிறீங்கள்."

நான்காவது இன்ஜெக்டரின் தலையில் இருந்த வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு பக்கம் தட்டையாகி, ஓரத்தில் பிளந்திருந்தது. அவர் அதை இரண்டு விரலால் வளைத்தார். சத்தமில்லாமல் உடைந்தது.

"எஞ்சின் சூட்டுக்கும் குலுக்கலுக்கும் இது தாங்காது எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மிஸ்."

"எனக்கே இது தெரியும். நான் மதகுக்கு ரப்பர் போடுறனான். பழசைத் திருப்பிப் போட்டா என்ர வேலை போகும்."

நான்கு வளையங்களையும் புதிதாக மாற்றினேன். ஒவ்வொன்றிலும் புது ஒயிலை ஒரு விரல்நுனி அளவு தடவினேன். கோணாமல், இலேசாகத் திருப்பி, நேராக அழுத்தினேன். சாமான் இடத்தில் போய் உட்காரும்போது கையில் ஒரு சின்ன அசைவு தெரியும். நான்கு தடவையும் தெரிந்தது. போல்ட்டுகளை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்கினேன். வயர்களையும் ஃபியூசையும் பெற்றரியையும் திரும்ப மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நான்கு மூட்டிலும் வெள்ளைக் கடதாசியைச் சுற்றி எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மணந்து பார்த்து, தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எஞ்சினைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு, திரும்பவும் கடதாசி. உலர்ந்துதான் இருந்தது.

அவர் பொனட்டைத் தானே மூடினார். ஏறினார். போனார். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் ஆயுதப் பெட்டியோடு பாதையோரத்தில் நின்றேன். அடுத்த பஸ் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. தூறல் தொடங்கியது. ஒதுங்க ஒரு கூரையும் இல்லை. அங்கே நின்று அவரை மனதுக்குள் திட்டினேன் என்பதையும் எழுத வேண்டும். இவ்வளவும் சொன்னேனே, செய்தேனே, ஒரு ஆளை இப்படி விட்டுவிட்டா போவது என்று. அந்தக் கிழவி கல்லில் விழுந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு வந்த நினைப்பு அது. பிறகு அந்த நினைப்பின் மேலும் கோபம் வந்தது.

கராஜில் மச்சான் மேசையில் இருந்தார்.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"நடந்தத சொன்னேன்."

"நடந்தத சொல்லவாடா உன்ன அனுப்புனேன்?"

"அந்த ரிங் டவுன்லயே இருக்கு மச்சான். நம்ம ஃபில்டர் வாங்குற கடையில. கண்டின்னு ஏன் சொன்னீங்க?"

அவர் தோளைக் குலுக்கினார். "அந்த நேரத்துல வாயில வந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

அதுக்கென்ன இப்ப. வேண்டுமென்று செய்த பொய் என்றாலாவது ஒரு பொருள் இருந்திருக்கும். அது பொய்கூட இல்லை, வாயில் வந்த ஒரு சொல். கையில் இருந்த ஸ்பேனரை மேசையில் ஓங்கி அடித்தேன். மேசைக் கண்ணாடி முழுக்கக் கீறல் ஓடியது. பின்னால் வீட்டில் இருந்து அக்கா ஓடிவந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

"யாரோ ஒரு பொம்பளைக்காக இவர அடிக்கப் போறியா நீ?"

"அடிக்கலக்கா. அந்தம்மா கை ஒடஞ்சிருக்கு."

"ஒடஞ்ச கை கூடிரும். இது கூடுமா?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை.

அந்த மிஸ் விடவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதினார். விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் மச்சான் அவருக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தார். அதன் பிரதியை எனக்கும் காட்டினார்கள். நல்ல தமிழில் இருந்தது. "எமது ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இத்தவறுக்கு வருந்துகிறோம். குறித்த ஊழியர் தற்போது எமது பணியில் இல்லை." அதில் ஒரு சொல்லைக்கூட முழுப்பொய் என்று என்னால் காட்ட முடியவில்லை. வளையத்தை வெட்டியது என் கை. அந்தக் கடிதத்தைக் கிழித்தால்கூட என் கோபம் அடங்காது என்று தெரிந்ததால் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது மாத்தளைக்கு மறுபக்கத்தில் உள்ள பல்லேபொலையில் ஒரு சிங்கள முதலாளியின் கராஜில் வேலை. நேரம் நான்தான் சொல்வேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டுச் சேர்ந்தேன். அக்கா என்னுடன் பேசுவதில்லை. பிள்ளைகள் ஒளித்து ஒளித்துப் போன் எடுப்பார்கள். மச்சானின் கராஜில் ஆட்கள் குறையவில்லை. கூடியிருக்கிறது என்று கேள்வி.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தளைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஒரு பையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

"தம்பி, இந்தப் பையை ஒருக்கா அந்தக் கார் மட்டும் தூக்கித் தாறீங்களோ? இந்தக் கை முந்தி மாதிரி ஏலாது."

வலது மணிக்கட்டு சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. அவர் காட்டிய காரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கார். பையில் பூசணித் துண்டும் மரவள்ளிக்கிழங்கும் இருந்தன. தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தார். இந்தக் கையால் இடியாப்பம் பிழிய முடியவில்லையாம். மகள் பிழிந்தால் கட்டி கட்டியாக வருகிறதாம்.

மகள் டிரைவர் சீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. தாய் சொன்னார்: "நல்ல பிள்ளை, கேட்டவுடன தூக்கிக்கொண்டு வந்தவர்." நான் யார் என்று மகள் சொல்லவில்லை. பின் கதவைத் திறந்துவிட்டார். பையை வைத்தேன்.

"அம்மா, நான்தான் அந்தக் கராஜ்ல..." என்று தொடங்கினேன்.

"ஏறுங்கோ அம்மா, நேரம் போகுது" என்றார் மகள்.

தாய் ஏறினார். எனக்குக் கை காட்டினார், கோணல் கையால். கார் சந்தைச் சனத்துக்குள் ஊர்ந்து, பாதைக்கு ஏறிப் போனது. நான் வாங்கிய மரக்கறியைக் கடையிலேயே விட்டுவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. போய் எடுக்க மனம் வரவில்லை.